பொண்டாட்டியின் பாதி

படுக்கையில் கிடந்த கிளிஃபை மூன்று வருஷம் தூக்கித் தூக்கி உட்கார வைத்த இடுப்பு, ஹில்டாவை நாற்காலியில் நேராக உட்கார விடவில்லை. அவனை அடக்கம் செய்து ஒரு வாரம் ஆகிறது. அவன் வேலை பார்த்த உருக்காலையின் தொழிற்சங்கத்தில் பென்ஷன் விவகாரம் பார்க்கும் நெவில் அவளிடம் தேநீரைத் தள்ளினான்.

"கம்பெனி கையை விரிச்சிடுமாப்பா?" என்று கேட்டாள் ஹில்டா.

"முடியாதும்மா. அந்தக் காலத்துல அரசாங்க பென்ஷனுக்குக் கட்டுற சந்தாவைக் கம்பெனிக்கும் கிளிஃபுக்கும் குறைச்சாங்க. அதுக்குப் பதிலா, அரசாங்கத்துக்கிட்டேருந்து வந்திருக்க வேண்டிய அளவாவது கம்பெனி குடுத்தே ஆகணும். உத்தரவாதம்! அதுல பாதி பொண்டாட்டிக்கு."

"வேற யாருக்காவது எழுதி வச்சிருந்தா?"

"செல்லாது. பொண்டாட்டிக்குத்தான்."

"அவ பிரிஞ்சு போயிருந்தா?"

"விவாகரத்து ஆகலைன்னா அவதான் பொண்டாட்டி. உங்களுக்கு ஏம்மா இந்தப் பயம்? கல்யாணச் சான்றிதழை மட்டும் கொண்டாங்க, முடிச்சிடறேன்." நெவில் சிரித்தான்.

ஹில்டா தேநீரைத் தொடவில்லை.

"அது பெரில்கிட்ட இருக்குப்பா. கிளிஃப் தாலி கட்டாத குறையா சர்ச்சுல கட்டினவ, இன்னொருத்தனோட ஸ்பெயினுக்குப் போனவ. வக்கீல் செலவு எதுக்குன்னு கிளிஃப் அப்படியே விட்டுட்டான். இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தாலே சட்டப்படி பொண்டாட்டிதான்னு கிளப்ல எல்லாரும் சொன்னாங்க, நானும் நம்பிட்டேன். நேத்து பெரில் போன் பண்ணி, பென்ஷன் எவ்வளவு வரும்னு கேட்டா."

நெவிலின் சிரிப்பு நின்றது. "அடக்கச் செலவு யாரும்மா பண்ணினது?"

"பணத்துக்கு நான் பொறுப்புன்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன். சவப்பெட்டிக்காரருக்கு இன்னும் இரண்டாயிரத்து நானூறு பவுண்டு பாக்கி."