இருபத்தெட்டாவது கையெழுத்து

“மியூசியமா? என் பொண்ணு அந்த வாசப்படிய மிதிக்க மாட்டா, ஹெதர். வேற ஏதாவது பேசு.”

சொல்லிவிட்டு ரஸ்ஸல் பால் கறக்கும் கொட்டகையைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ ஆரம்பித்தான். ஹெதர் கையிலிருந்த படிவத்தை நனையாமல் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டாள்.

அவள் வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகள். வியாழக்கிழமை மியூசியம் போக இருபத்தேழு வீட்டில் கையெழுத்துப் போட்டாயிற்று. டெஸ்ஸாவின் அப்பா ரஸ்ஸல் மட்டும் பிடிகொடுக்கவில்லை. அதனால்தான் பள்ளி விட்ட கையோடு பண்ணைக்கே வந்துவிட்டாள்.

“எல்லா ஏற்பாடும் பண்ணியாச்சு, ரஸ். சனிக்கிழமையே நான் தனியாப் போய்ச் சுத்திப் பாத்துட்டேன். எங்க உக்காந்து சாப்பிடறது, கழிப்பறை எந்தப் பக்கம், எந்தப் படி வழுக்கும், எல்லாம் குறிச்சு வச்சிருக்கேன். ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவங்க.”

“நம்மளக் கூட்டிட்டுப் போனப்பவும் ஏற்பாடெல்லாம் பலமாத்தான் இருந்துச்சு.”

ஹெதர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பத்து வயதில் அதே மியூசியத்துக்குப் போனார்கள். என்றோ அழிந்துபோன மோவா என்ற ராட்சதப் பறவையின் முட்டை ஒன்று அங்கே மேடைமேல் இருந்தது. கண்ணாடிப் பெட்டியெல்லாம் அப்போது கிடையாது. ரஸ்ஸல் நேராக அதன்மேல் போய் விழுந்தான். அறுநூறு வருஷம் உடையாத முட்டை அரை நொடியில் நொறுங்கியது. திமிங்கில எலும்பைக்கூடப் பார்க்கவிடாமல் மொத்த வகுப்பையும் பஸ்ஸில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து ஊருக்கு அவன் ‘முட்டை’.

“ரக்பி ஆடப் போனா, ‘முட்டை வரான், பந்தக் குடுத்துடாதீங்க’ம்பாங்க. என் கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழன் மோதிரத்துக்குப் பதிலா அவிச்ச முட்டைய நீட்டினான். இப்ப என் பொண்ணு வேற போய், ‘முட்டையோட மக’ன்னு பேர் வாங்கணுமா?”

“உடைஞ்ச முட்டைய ஒட்டவச்சுக் கண்ணாடிக்குள்ள வச்சுட்டாங்க. யாரும் தொடக்கூட முடியாது.”

“அப்ப அவள விட்டுட்டுப் போ.”

“மாட்டேன். மத்த பிள்ளைங்க எல்லாம் அங்க ஐஸ்கிரீம் கிடைக்குமான்னுதான் கேட்டாங்க. உன் பொண்ணு மோவாவப் பத்திப் பன்னெண்டு கேள்வி எழுதி வச்சிருக்கா.”

ரஸ்ஸல் குழாயை மூடினான். “பன்னெண்டா?”

“‘அவ்வளவு கனமான பறவை மேல உக்காந்தா முட்டை உடையாதா’ன்னு ஒண்ணு. எனக்கே பதில் தெரியல.”

அடக்கப் பார்த்தும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அது சரி, நீ எதுக்கு இவ்வளவு மெனக்கெடற? வேற டீச்சரா இருந்தா ஒரு போனோட விட்டிருப்பாங்க.”

“ஒரு பிள்ளை விட்டுப்போனாலும் எனக்கு மனசு கேக்காது.” ஹெதர் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

ரஸ்ஸல் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு படிவத்தை வாங்கினான். வெளியே நின்ற அவள் காரின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டான்.

“நானும் கூட வரேன். நானூறு மாடு மேய்க்கறவனுக்கு ஆறு பிள்ளைங்க பெரிசில்ல.”

ஹெதரின் முகம் மலர்ந்தது. “தாராளமா வா.”

“ஆனா ஒரு நிபந்தனை.” சிரித்தபடியே படிவத்தை நீட்டினான். “அந்த முட்டை இருக்கற ரூமுல நீ எனக்கு முன்னாடி நட. போன தடவை பின்னாலேர்ந்து தள்ளிவிட்டது நீதான்னு, முப்பது வருஷமா நான் யார்கிட்டயும் சொல்லல.”