டியூபாவுக்கு ஒரு ரசிகை

"நல்லா மூச்சை இழுத்து ஊதுங்க சார். அவசரமே இல்ல. பிடிச்சாத்தானே வாங்கணும்!" என்று சொல்லிக்கொண்டே, பழைய வாத்தியக் கடைக்காரர் ஜன்னலையும் திறந்துவிட்டார்.

காலை பத்து மணி. குழாய் ரிப்பேர்க்காரர் மூன்றாவது நாளாக அதே முக்காலியில், மடியில் எஃப் டியூபா என்ற பித்தளை ஊதுவாத்தியத்தோடு உட்கார்ந்திருந்தார். பெரிய டியூபா ஒன்று அவரிடம் ஏற்கெனவே உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிக்கு அதைவிடச் சின்ன, குரல் கொஞ்சம் உயர்ந்த எஃப் டியூபாதான் வேண்டும் என்று பேண்ட் மாஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வாங்காவிட்டால், பேண்டில் இருபது வருஷமாக உட்கார்ந்த நாற்காலி ஊர்ப் பல் டாக்டருக்குப் போய்விடும். பல் டாக்டரிடம் சொந்த எஃப் டியூபா இருக்கிறது. ஊதத்தான் தெரியாது.

கடையில் இருந்தவை மூன்று. முதலாவது புத்தம்புதுசு, விலையைக் கேட்டதுமே அவருக்குத் தலை சுற்றியது. இரண்டாவது மலிவு, ஆனால் மூட்டுக்கு மூட்டு காற்று கசிந்தது. ஊரில் உள்ள கசிவையெல்லாம் அடைக்கிற மனுஷன், காசு கொடுத்துக் கசிவை வாங்குவாரா? மூன்றாவது அங்கங்கே நசுங்கியிருந்தாலும் தங்கமான குரல். விலை மட்டும் பட்ஜெட்டுக்கு மேலே கால் பங்கு.

"கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்கண்ணே."

"விலையில கை வைக்க முடியாது சார். ஆனா நாளைக்கும் வாங்க, ஊதிப் பாருங்க, யார் கேக்கப் போறா? அந்தக் கீழ் ஸ்வரம் இன்னொரு தடவை வரட்டும். சத்தமா!"

இந்தக் காலத்தில் இப்படி ஒரு கடைக்காரரா என்று அவர் உருகிப்போனார். எஃப் டியூபாவில் அந்தக் கீழ் ஸ்வரம்தான் சண்டித்தனம் பண்ணும். கன்னம் இரண்டும் பலூனாக, நாற்பதாவது தடவையாக ஊதினார். அலமாரிக் கண்ணாடி கடகடவென்று ஆடியது.

கதவு படாரென்று திறந்தது. வீட்டுச் செருப்போடு, தலை வாராமல், கண் சிவந்து ஒரு பெண் நின்றாள். கன்னத்தில் கண்ணீர்.

"நீங்க இதை வாங்கப் போறீங்களா, இல்லையா?"

"ஆசைதான்ம்மா. கால்வாசிப் பணம் குறையுது. சேர்ற வரைக்கும் தினம் வந்து ஊதிட்டுப் போகலாம்னு..."

"தினமுமா?" அவள் குரல் உடைந்தது. கைப்பையைத் துழாவி, பணத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "மீதி இந்தாங்க. இப்பவே எடுத்துட்டுப் போயிடுங்க."

கட்டிய மனைவிகூட அவர் வாசிப்பை முழுசாகக் கேட்டதில்லை.

"உங்களுக்காக ஒரே ஒரு தடவை வாசிக்கட்டுமாம்மா?"

"வேண்டாம்ண்ணே!" அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, விறுவிறுவென்று போய்விட்டாள்.

டியூபாவைக் குழந்தையைப்போல அணைத்துக்கொண்டு அவர் வாசற்படி இறங்கினார். நாற்காலி தப்பியது, ஒரு ரசிகையும் கிடைத்தாள் என்று மனசு துள்ளியது.

அதற்குள் கடைக்காரர் போனில் பேசத் தொடங்கியிருந்தார்: "சார், டிரம் செட் கேட்டீங்களே, நாளைக்குக் காலையிலயே வாங்க. விலையைப் பத்திக் கவலைப்படாதீங்க, மாடி வீட்டு நர்ஸம்மாவுக்கு இந்த மாசம் முழுக்க நைட் டியூட்டி!"