தட்டைக் கட்டர்

“எட்டு வருஷமா மில்லிங் மெஷின் ஓட்டுற. வளைவுக்கு எந்தக் கட்டர் போடணும்னு தெரியாதா?”

பட்டறை முதலாளி பொன்னுச்சாமி இரும்பு அச்சைத் தூக்கிக் காட்டினார். பிளாஸ்டிக் கிலுகிலுப்பைக்கான அச்சில் ஒரு பாதி. குடைந்த குழிக்குள் தெப்பக்குளம் மாதிரி படிப்படியாக இருந்தது.

சங்கரலிங்கம் தலையைச் சொறிந்தான். “தட்டைக் கட்டர்தான் கைக்குப் பழகினது அண்ணாச்சி.”

“முனை உருண்டைக் கட்டர் கோயம்புத்தூர்ல வாங்கி ஆறு மாசம். பெட்டியில தூங்குது. உன் படிக்கட்டைத் தேய்ச்சு எடுக்க அழகுத்தாய்க்கு மூணு நாளாகுது, மூணு நாள் கூலி.”

மூலையில் உப்புத்தாளோடு உட்கார்ந்திருந்த அழகுத்தாய் நிமிரவில்லை.

சங்கரலிங்கத்துக்குப் பதிலாக வேறு ஆளை வரச்சொல்லி எழுதிய கார்டு பொன்னுச்சாமியின் சட்டைப்பையில் இருந்தது. தபாலில் போடுமுன் கடைசியாக ஒரு தடவை அவனைச் சோதித்துப் பார்த்துவிட நினைத்தார்.

“உருண்டையை மாட்டி இந்தப் படியையும் எடு. மறு பாதியையும் அதுலயே குடை.”

மாட்டினான். கை தயங்கவே இல்லை. சாயங்காலம் ரெண்டு குழியும் அகப்பை உட்புறம்போல வழவழவென்று வந்திருந்தன.

மறுநாள் காலை அழகுத்தாய் அவற்றுக்குள் விரலைவிட்டுத் தடவினாள். அரை மணியில் தேய்த்து முடித்தாள். திறக்காத தூக்குச்சட்டியைக் கையில் எடுத்தாள்.

“அப்ப வாரேன் அண்ணாச்சி. வேலை இருந்தா சொல்லிவிடுங்க.”

அவள் தெருமுனை திரும்பும்வரை பொன்னுச்சாமி பார்த்துக்கொண்டே நின்றார்.

“தெரிஞ்சேதான் தட்டையை மாட்டியிருக்க. என் பட்டறையில நீ தருமம் பண்றியா?”

சங்கரலிங்கம் மெஷினைத் துடைத்தபடியே கேட்டான். “பரளச்சியில உங்க காட்டுல கடலை பிடுங்கின பிறகு, மண்ணுல தங்கினதை ஆள் வச்சுத் தோண்டி எடுக்கமாட்டீக. ஏன் அண்ணாச்சி?”

“அது பொறுக்க வாறவுகளுக்கு...”



மாலையில் அச்சு வாங்க வந்த வியாபாரி அடுத்த அச்சுக்கும் சொன்னார். ஒரு வாரம் ஆகும் என்று பொன்னுச்சாமி சொன்னதும் முகம் சுளித்தார்.

“மதுரையில உருண்டைக் கட்டர் போட்டு ரெண்டே நாள்ல தாராக. உங்ககிட்ட அது இல்லையா?”

பொன்னுச்சாமி சட்டைப்பையிலிருந்த கார்டை எடுத்து நாலாகக் கிழித்தார்.

“இன்னும் வாங்கலைங்க.”