கை பேசுதா?

பிரவீன்குமாரின் இடது கையில், டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்த இடத்தின்மேல் அந்தப் பட்டை ஒட்டியிருந்தது. வீட்டிலேயே மனைவி சௌமியா ஊசி குத்தும்போதுகூட அதைக் கழற்ற வேண்டியதில்லை. உள்ளே ரத்தம் ஓடுவதை ஸ்கேன் செய்து மெல்லிய சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருக்கும்: புஸ்ஸ், புஸ்ஸ்.

சுருங்கிய குழாயைப் பலூன் வைத்து விரித்த நாளிலிருந்து, தினமும் காலையில் அவளிடம் கையை நீட்டுவான். "கை பேசுதா?" சௌமியா பட்டையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "நல்லாப் பேசுதுங்க" என்பாள். அதற்குப் பிறகுதான் அவனுக்குக் காப்பி இறங்கும்.

இன்று குளித்துவிட்டு வரும்போது பட்டை பிய்ந்து தரையில் விழுந்தது. விழுந்த பிறகும் புஸ்ஸ், புஸ்ஸ் என்றது.

அவன் கையைத் தொட்டுப் பார்த்தான். பலூன் வைத்த அன்று மோட்டார்போல் அதிர்ந்த இடம், இப்போது லேசாக நடுங்கியது, அவ்வளவுதான்.

"எப்ப இருந்து?"

சௌமியா அடுப்பை அணைத்தாள். "மறுபடி சுருங்குதுன்னு பட்டையிலிருந்து என் போனுக்குத்தான் தகவல் வந்துச்சு. இனி பலூன் வெச்சாலும் நிக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. டயாலிசிஸுக்குக் கழுத்துல குழாய் போடற வரைக்குமாவது நீங்க பயப்படாம இருக்கட்டும்னு, பட்டைகிட்ட பழைய சத்தத்தையே போடச் சொன்னேன்."

"கை என்னோடதுடி. தெரிஞ்சுக்கிட்டே தினமும் காதை வெச்சுக் கேட்டியா?"

அவன் வெறுங்கையை அவள் காதோடு அழுத்தினான்.

"இப்பச் சொல்லு. நல்லாப் பேசுதா?"