காணாமல் போன ஆக்சிஜன்

"அணுவை எண்ணத் தெரியாதவங்களை எல்லாம் டீச்சரா வெச்சா, பசங்க உருப்பட்ட மாதிரிதான்!"

மாணவி ஒருத்தியின் அப்பாவான மருந்துக்கடைக்காரர் தலைமையாசிரியையின் மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு கத்தினார். பக்கத்தில், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத வேதியியல் டீச்சர் தலைகுனிந்து நின்றாள்.

"பொறுமையாச் சொல்லுங்க. என்ன ஆச்சு?"

"சுண்ணாம்பும் தண்ணியும் சேர்ற சமன்பாடு மேடம். இடது பக்கம் ரெண்டு ஆக்சிஜன். வலது பக்கம் ஒண்ணுதான்னு போர்டுல எழுதிட்டு, 'இன்னொண்ணைக் காணோமே'ன்னு பசங்களையே கேக்கறாங்க. அடைப்புக்குறிக்கு வெளியே ரெண்டுன்னு இருந்தா, உள்ளே இருக்கறதை எல்லாம் ரெண்டால பெருக்கணும். இதுகூடவா தெரியாது? வாரா வாரம் இதே கூத்து! பசங்க 'அரை அணு டீச்சர்'னு பேரே வெச்சுட்டாங்க. நான் மாத்திரையை இப்படி எண்ணினா கடையை இழுத்து மூடிட மாட்டாங்களா?"

"உண்மையாம்மா?"

"உண்மைதான் மேடம்."

தலைமையாசிரியைக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்க வேலையை நிரந்தரம் பண்றதா வேண்டாமான்னு இந்த மாசம் நான் எழுதணும். ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு மேடம்."

மருந்துக்கடைக்காரருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"நேத்து நடந்ததையும் கேளுங்க. கிளாஸே கம்முன்னு இருந்திருக்கு. என் பொண்ணுதான் எழுந்து, 'எங்கயும் போகல டீச்சர், அடைப்புக்குள்ளதான் இருக்கு'ன்னு சொல்லியிருக்கா. போன வாரம் திருத்தினதும் அவதான்!"

தலைமையாசிரியை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாரு, உங்க பொண்ணா?"

"ஆமா, பின்னே?"

"திக்குமோன்னு பயந்து, பேர் கூப்பிட்டாக்கூடக் கையை மட்டும் தூக்குவாளே... அவளா எழுந்து பேசினா?"

மகள் வீட்டில் வந்து சொன்னபோது மருந்துக்கடைக்காரர் ஆக்சிஜனை எண்ணினாரே தவிர, அவள் வகுப்பில் வாய் திறந்ததை மனுஷன் கவனிக்கவே இல்லை.

"கேள்வி கேட்டா எழுந்திருக்க மாட்டா சார்," டீச்சர் மெல்லச் சொன்னாள். "ஆனா யாராவது தப்பா எண்ணினா அவளால தாங்க முடியல. அப்படியே உங்களை மாதிரி. திக்குமேங்கற பயத்தையும் மறந்து எழுந்துடறா."

மேஜைமேல் ஊன்றிய கையை அவர் எடுத்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். கதவுவரை போனவர், அங்கே நின்று திரும்பினார்.

"நாளைக்கு எந்த அணுவைத் தொலைக்கப்போறீங்க, டீச்சர்?"