ஜோடிக் கதவு

“இந்தக் கதவு ஏன் திறக்கவே மாட்டேங்குது?”

டப்ளின் நகரத்து மாளிகையில், விருந்தினர் நிறைந்த கூடத்தில், சமையல்காரியின் சின்ன மகள் ப்ரோனா ஒருநாள் இப்படிக் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். எதிர்ச் சுவரின் கதவுக்கு ஜோடியாக, அழகுக்கென்று வைத்த பொய்க் கதவு அது. சீமாட்டி கான்ஸ்டன்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. “நானும் நேத்து இழுத்துப் பாத்தேன், செல்லம்” என்றார்.

பல வருடங்கள் கழிந்து, இப்போது ப்ரோனாதான் அந்த வீட்டைக் கவனித்துக்கொள்கிறாள். இன்று சீமாட்டியின் அண்ணன் மகன் டெஸ்மண்ட் வந்திருந்தான்.

“சமாளிக்க முடியலைன்னா சொல்லுங்க அத்தை. முதியோர் இல்லத்துல இடம் பாத்து வச்சிருக்கேன்.”

“நல்லா இருந்தா நீயே போய் இரு. இப்ப வா, தோட்டத்தைக் காட்டுறேன்.”

சீமாட்டி எழுந்து நேராகப் போய்ப் பொய்க் கதவின் குமிழைத் திருகினார். டெஸ்மண்டின் புருவம் உயர்ந்தது.

“ஆரம்பிச்சிட்டீங்களா மேடம்! வர்றவங்களை எல்லாம் இப்படியா ஏமாத்துறது?” என்று ப்ரோனா சிரித்தாள்.

டெஸ்மண்டும் சிரித்துவிட்டான். “இந்தக் குறும்பு இருக்கிறவரைக்கும் நீங்க இங்கேயே இருக்கலாம் அத்தை.”

அவன் கார் கிளம்பிய சத்தம் கேட்டதும் சீமாட்டி மூச்சு விட்டார்.

“எனக்குக் கண் தெரியலைங்கிறதை அவன் கண்டுபிடிக்கலையே?”

“இல்ல மேடம்.”

“அவனுக்காக நாற்காலியை மாத்திப் போட்டதுல திசை தப்பிடுச்சு. ரெண்டு கதவும் கைக்கு ஒண்ணாத்தானே இருக்கு.”

மறுநாள் காலை சீமாட்டி தன் அறையில் ஜெபத்தில் இருந்தார். ப்ரோனா, டெஸ்மண்டிடம் தான் சொன்ன பொய்க்காகக் கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டபடியே, திறக்கும் கதவின் குமிழில் கம்பளி நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.