சொல்லிக் கொடுத்தவர்

“சார், உங்க கார் மேல என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை படிங்களேன்.”

காவலர் சிரிக்காமல்தான் சொன்னார். வரிசையில் நின்ற நாலு பேர் சிரித்துவிட்டார்கள்.

காரின் பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் இருந்தது: ‘கண்ணும் கருத்துமாய் ஓட்டக் கற்றுத் தருகிறோம்.’

டிரைவிங் ஸ்கூல் முதலாளிக்குக் காது மடல்வரை சூடேறியது. பறிமுதல் செய்த வண்டிகளை நிறுத்தும் திடல் அது. நசுங்கிய பைக்குகளுக்கும் கண்ணாடி உடைந்த வேனுக்கும் நடுவில், மூன்று நாள் தூசியோடு, முன்னால் ‘எல்’ போர்டு மாட்டியபடி நின்றது அவருடைய கார்.

இரண்டடி தள்ளி மாஸ்டர் நின்றார். பதினெட்டு வருஷமாக அந்த ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத் தருபவர். ஓட்டிய ஆளும் கையெழுத்துப் போட்டால்தான் வண்டியை விடுவோம் என்று சொல்லிவிட்டதால் வந்திருந்தார்.

“ஊரே சிரிக்குது மாஸ்டர். குடிச்சிட்டு ஓட்டக் கூடாதுன்னு பாடம் நடத்துற வாயிலேயே குழாயை வெச்சு ஊதச் சொல்லியிருக்காங்க.”

“தப்புதாங்க.”

“நேத்து மட்டும் ஆறு பேர் நின்னுட்டாங்க. ‘அந்த ஆளை நம்பி எங்க பொண்ணை எப்படிங்க அனுப்புறது’ன்னு கேக்குறாங்க. நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் பதில் சொல்றது?”

மாஸ்டர் தரையைப் பார்த்தார்.

“நீங்க அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்காத ஆளாச்சே! திடீர்னு என்ன கேடு வந்தது?”

“அந்த நர்ஸ் பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தேன்” என்றார் மாஸ்டர்.

முதலாளிக்கும் தெரிந்த செய்திதான். மாஸ்டரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவள்; லைசென்ஸ் வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. வேலை முடிந்து திரும்பும்போது, ஒரு வளைவில் லாரி மோதிப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

“அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? லாரிக்காரன்தான் தப்பான பக்கம் வந்தான்.”

“அவங்கம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘நீங்கதான் சொல்லிக் கொடுத்தவரா? வாய் ஓயாம உங்களைப் பத்தித்தான் பேசுவா’ன்னாங்க. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.”

காரின் இடது பக்கக் கதவைக் காட்டினார்.

“நம்ம கார்ல என் பக்கமும் ஒரு பிரேக் இருக்குல்லீங்க. அவ பதறுறப்பெல்லாம் நான்தான் மிதிப்பேன். ரெண்டு மாசம் அப்படித்தான் ஓட்டினா. நல்லா வந்துடுச்சுன்னு நான்தான் டெஸ்டுக்கு அனுப்பினேன். அவ சொந்த கார்ல என் கால் இல்லீங்களே... அதையே நினைச்சுக்கிட்டு வந்தேன். வர்ற வழியில கடை இருந்தது. நுழைஞ்சுட்டேன்.”

முதலாளியின் முகம் இளகியது. அவர் பிடிபட்டது பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் என்பது நினைவுக்கு வந்ததும் மறுபடி இறுகிவிட்டது.

“துக்கம்னா வீட்ல உட்கார்ந்து அழுங்க. குடிக்கணும்னா குடிச்சிட்டு அங்கேயே விழுந்து கிடங்க. சாவியை ஏன் தொட்டீங்க? பள்ளிக்கூடம் விடுற நேரம் மாஸ்டர்! ஒரு குழந்தை குறுக்க வந்திருந்தா? இன்னொரு அம்மா...”

முடிக்கவில்லை.

“அதைத்தாங்க நானும் மூணு நாளா நினைச்சுக்கிட்டிருக்கேன்.”

“இனிமே உங்களை வெச்சுக்க முடியாது. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க.”

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து ஆபீஸ் சாவியை எடுத்துக் கொடுத்தார். காவலர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். போகும்போது காரின் பின்பக்க டயரைக் காலால் அழுத்திப் பார்த்தார்.

“காத்து கம்மியா இருக்குங்க. மெதுவா ஓட்டிட்டுப் போங்க.”

அவ்வளவுதான். வெளியே நடந்தார்.

முதலாளி காவலரின் மேஜைக்குத் திரும்பினார்.

“வண்டியை எடுக்குறவங்களும் ஊதணும் சார். இங்க ரூல் அது.”

ஊதினார். மெஷின் பூஜ்யம் காட்டியது.

“பதினெட்டு வருஷம் சார். என் கல்யாணத்தன்னைக்கு எங்களை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்ததே அவர்தான். அவரை அனுப்ப எனக்கு மட்டும் ஆசையா?” என்றார், யாரும் கேட்காமலேயே.

காவலர் காகிதத்தை நீட்டினார். கையெழுத்துப் போடப் பேனாவை வைக்கும்போது முதலாளியின் கண் ஒரு வரியில் நின்றது. ‘போனில் வந்த தகவலின் பேரில்...’

“யாராவது சொல்லித்தான் பிடிச்சீங்களா?”

“ஆமா சார். ‘பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு தெரு முன்னாடி ஒரு டிரைவிங் ஸ்கூல் கார் ஓரமா நிக்குது. ஓட்டினவன் குடிச்சிருக்கான். சாவி அவன்கிட்டதான் இருக்கு, மறுபடி எடுத்தாலும் எடுத்துடுவான். பிள்ளைங்க வெளிய வர்றதுக்குள்ள வந்துடுங்க’ன்னு போன். நாங்க போய்ச் சேர ஏழு நிமிஷம் ஆச்சு. அதுவரைக்கும் ‘கிளம்பிட்டீங்களா, கிளம்பிட்டீங்களா’ன்னு கேட்டுக்கிட்டே இருந்திருக்காங்க.”

முதலாளி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

“எந்தப் புண்ணியவானோ! என் ஸ்கூல் பேர் போனா போகட்டும், ஒரு உயிர் போகாம காப்பாத்திட்டான். அந்த ஆளுக்கு நேர்ல ஒரு நன்றி சொல்லணும் சார். யாருன்னு சொல்ல முடியுமா?”

காவலர் வாசல் பக்கம் பார்த்தார்.

“ஓடினீங்கன்னா பிடிச்சுடலாம் சார். அதோ, கேட்டைத் தாண்டி நடந்து போறாரே.”